புள்ளி நாலுக்குக் கீழே

இருமல் மறுபடியும் வந்தது. கூடத்தில் மிக்ஸி மோட்டார் விர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அது நின்ற பிறகு, திருப்புளியைத் தரையில் வைக்கும் சத்தத்துக்கு முன்னால், ஒரே ஒரு இருமல். மோட்டாரின் கம்பிக் காயில் கருகிய புகையாக இருக்கும் என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள். பழைய மோட்டாரில் கரண்டு விட்டுப் பார்த்தால் புகை வரத்தான் செய்யும், புகை தொண்டையில் பட்டால் யாருக்கும் இருமல் வரும், அதற்கு எதற்கு இப்படிப் பதறி எழுந்து உட்கார வேண்டும். புகை என்றால் வாசனை இருக்குமே என்று கதவிடுக்கில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையை நம்பவும் முடியவில்லை, நேற்றுக் காலையிலிருந்தே அவளுக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. கட்டிலடியில் எலி செத்துக் கிடந்தாலும் தெரியாது. படுக்கையறைக் கதவு நாலு நாளாகச் சாத்தியே கிடக்கிறது. இந்தப் பக்கம் அவளும் அவளுக்கு வந்த கொரோனாவும். அந்தப் பக்கம் அவள் புருஷன் தண்டபாணி, நாற்பத்தெட்டு வயது, மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா கொடுத்த சிறுநீரகத்தை வயிற்றின் வலது பக்கத்தில் வைத்துத் தைத்துக்கொண்டவர், அதற்கப்புறம் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருப்பவர். இருவருமே இரண்டு ஊசியும் போட்டவர்கள்தான். காலையில் எட்டு மணிக்கு, அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபிலிருந்து சுபாஷிணி வந்து வாசலில் வைத்தே அவர் மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனாள். "தொண்டை லேசாக் கமறுது, இதுக்குப் போயி இத்தன ஆர்ப்பாட்டமா," என்று அவர் சிரித்தது உள்ளே கேட்டது. ரிசல்ட் மூன்று மணிக்கு வரும். இப்போது மணி பன்னிரண்டே முக்கால். காயில் புகைதான். புகையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மோட்டார் ஓடாதபோதும் ஒரு தடவை இருமினாரே, பதினொரு மணி வாக்கில், பால்காரர் பில்லுக்குக் கூப்பிட்ட சமயம், அது எதனால்.

கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் ஸ்டூலை இழுக்கும் சத்தம். "வாணி, ரசஞ்சோறு வெச்சிருக்கறேன். ஆறிப்போறதுக்குள்ள எடுத்துக்க." சமைக்கத் தெரியாத மனிதர் நாலு நாளாகச் சமைக்கிறார், ரசம் எப்படி இருக்கிறதென்று கேட்கிறார், அவளும் நன்றாக இருக்கிறது என்கிறாள், நாக்குக்கு அது வெந்நீர் மாதிரி இருக்கிறது. "மாஸ்க் போட்டிருக்கறீங்களா?" என்று கேட்டாள். "வீட்டுக்குள்ள என்னத்துக்கு, நீதான் கதவச் சாத்தியிருக்கறியே." "போடுங்க. மூக்குக்கு மேல ஏத்திப் போடுங்க." "போட்டாச்சு போட்டாச்சு," என்றார், போடாத குரலில். அந்தக் குரல் வாயிலிருந்து தடையில்லாமல் வருகிற குரல் என்று அவளுக்குத் தெரியும். துணிக்குள்ளிருந்து வரும் குரலை ஒன்றரை வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவள் காது பழகியிருந்தது. "காய்ச்சல் எவ்வளவு இருக்குதுங்க?" "தொண்ணூத்தொம்போது. அது வெயிலுக்கு. நீ சும்மா என்னையப் பத்தியே நெனச்சுட்டுக் கெடக்காத. உனக்கே வந்து இப்படி லேசாப் போயிருச்சு, எனக்கென்ன, நூத்தி எம்பத்தாறு இருக்குதே." ஸ்டூலில் டம்ளர் வைக்கும் சத்தம், பிறகு செருப்பு தேய நடந்து போகும் சத்தம், நடுவில் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். அவள் கதவைத் திறக்காமல் அதன் மீது நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கதவு குளிர்ந்திருந்தது, அவள் நெற்றிதான் கொதித்தது. நூத்தி எம்பத்தாறு. அந்த எண்ணை அவர் சொல்கிற விதமே தனி. 'நூத்தி' என்பதில் ஒரு தூக்கு, 'எம்பத்தாறு' என்பதில் ஒரு நிதானம். பையன் மார்க்கைச் சொல்கிற அப்பா மாதிரி. அவர்களுக்குப் பையன் இல்லை, பெண்ணும் இல்லை, இந்த எண்தான்.

அது அவளுடைய எண். அவருடையது இல்லை. இதை நினைக்க வேண்டாம் என்று நாலு நாளாகப் புரண்டு படுக்கிறாள், எந்தப் பக்கம் புரண்டாலும் அது அந்தப் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறது. ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட ஊழியர்களுக்கெல்லாம் ரத்தத்தில் எவ்வளவு ஆன்டிபாடி உண்டாகியிருக்கிறது என்று பார்த்தார்கள், வைரஸைப் பிடித்துக்கொள்ள உடம்பு தயாரித்து வைக்கிற பொருள் எவ்வளவு என்று. ரத்தம் எடுத்தது அவள், குழாய்களை மெஷினில் ஏற்றியதும் அவள், பதினெட்டு வருஷமாக அவள் பார்க்கிற வேலை அது. அவருக்கும் ஊசி இரண்டும் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "எனக்கும் பாத்துருவியா?" என்று அவர் கேட்டபோது அதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. வீட்டிலேயே கையில் பட்டையைக் கட்டி ரத்தம் எடுத்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோய், தன்னுடைய குழாய்க்குப் பக்கத்துக் குழியிலேயே அவருடையதையும் வைத்தாள். சுழற்றி எடுத்தபோது இரண்டிலும் மேலே தெளிந்து நின்ற நீர் ஒரே நிறம். வைக்கோல் நிறம். அதை அவள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறாள், இரண்டு குழாயையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், எது அவருடையது என்று பேரைப் படிக்காமல் சொல்ல முடியவில்லை, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ரத்தம்கூட ஒரே மாதிரி ஆகிவிட்டது என்று ஒரு கிறுக்கு நினைப்பு வந்து தனக்குள் சிரித்துக்கொண்டாள். பதினெட்டு நிமிஷம். மெஷின் துண்டுச் சீட்டைத் துப்பியது. அவளுக்கு நூற்று எண்பத்தாறு. அவருக்குப் புள்ளி நாலுக்குக் கீழே. புள்ளி எட்டைத் தாண்டினால்தான் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். புள்ளி நாலுக்குக் கீழே மெஷினால் அளக்கவே முடியாது, அதனால் எண்ணைச் சொல்லாமல் 'கீழே' என்று மட்டும் சொல்லிவிடும். மறுபடியும் ஏற்றினாள். மறுபடியும் கீழே. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். அக்காவின் சிறுநீரகத்தை அந்நியப் பொருள் என்று உடம்பு அடித்து விரட்டிவிடக் கூடாது என்பதற்காகத் தினம் இரண்டு வேளை மாத்திரை போட்டு உடம்பின் சண்டைக் குணத்தையே படுக்க வைத்திருக்கிறது. படுத்திருக்கிற உடம்பிடம் ஊசியைக் குத்தி, இதோ பார், இப்படியொரு எதிரி வருவான், முகத்தை நினைவில் வைத்துக்கொள் என்றால், அது கண்ணைத் திறந்து பார்த்தால்தானே. நம் உறவு என்று சொல்லித் தூங்க வைத்த உடம்பு எல்லாரையும் உறவாகவே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. அவள் சீட்டைக் கிழித்துச் சிவப்புக் குப்பைப் பையில் போட்டாள். பதிவேட்டில் ஏற்றாத ரத்தம், எந்த நோட்டிலும் இல்லை. உலகத்தில் அவளுக்கு மட்டும் தெரியும்.

சொல்லிவிடுவதாகத்தான் பஸ் ஏறினாள். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டு ஸ்டாப் வரைக்கும் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தாள், இது ஒண்ணும் பெருசில்லீங்க, மாத்திரை சாப்புடறவங்களுக்கு அப்படித்தான் வரும், மூணாவது ஊசி வந்தாப் போட்டுக்கலாம், அதுவரைக்கும் கொஞ்சம் சூதானமா இருந்துக்கணும், அவ்வளவுதான். நல்ல வார்த்தைகள்தான். இன்றைக்கும் அவற்றில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டியதில்லை. உள்ளே வந்தபோது அவர் கிரைண்டர் கல்லை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைதான். டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்த காலத்தில் வாரம் மூன்று நாள் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவளை அப்படித்தான் பார்ப்பார், சிறுநீரகம் கிடைத்ததா என்று வாயால் கேட்காமல். அதற்குப் பிறகு அக்கா கொடுத்து, பிழைத்து, ஒரு வருஷம் நிம்மதியாக வெளியே நடமாடியதும் கொரோனா வந்து, அதிலிருந்து அடைந்த கதவுக்குள்ளேயே இருந்த மனிதர். மே மாதம் தெருவில் நாலு வீட்டில் சாவு விழுந்தபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவக்கூடப் பயந்து கிடந்த மனிதர். "எவ்வளவு வந்துருக்குது?" என்றார். நூத்தி எம்பத்தாறு என்று அவள் வாய் சொன்னது. அவள் சொல்லவில்லை, வாய் சொன்னது என்று பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டாள், ஆனால் வாய் யாருடையது. "அது நல்லதா?" "நல்லதுங்க." "பயமில்லையே?" "பயமில்லீங்க." அவர் கல்லை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வாசல் கதவைத் திறந்து வெளியே போய் நின்றார். சும்மா நின்றார். தெருவைப் பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அன்றைக்கே சொல்லியிருந்தால், அப்போதே, சாயங்காலத்துக்குள், நான் தப்பாப் படிச்சுட்டேன் என்றாவது. ஆனால் அவர் அதற்குள் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டிருந்தார். ருக்மணி, அவளுக்கு நாத்தனார், நங்கையா என்று கூப்பிடுவாள், தாராபுரத்தில் இருக்கிறவர், தன் உடம்பைக் கிழித்துக் கொடுத்தவர். "அக்கா, நூத்தி எம்பத்தாறு வந்துருக்குது, நீ குடுத்தது வீணாப் போகாது." அந்தப் பக்கம் நங்கையா அழுதது ஸ்பீக்கரில் கேட்டது. அழுகைக்கு மேல் போய் எதைச் சொல்ல.

அப்புறம் ஒவ்வொரு நாளும் அது இறுகிக்கொண்டே போனது. டீக்கடையில் சொன்னார், மிக்ஸி கொடுக்க வருகிறவர்களிடம் சொன்னார். ஆகஸ்டில் சிறுநீரக டாக்டர் அன்வரிடம் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் கேட்காமலேயே தானாகச் சொன்னார். டாக்டர் ஆச்சரியமாகப் புருவத்தைத் தூக்கி, "உங்களுக்கு இவ்வளவு வந்தது பெரிய விஷயம்," என்று ஃபைலில் எழுதிக்கொண்டார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேனா ஃபைலில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பதிலாகத் தான் என்ன செய்தோம் என்று இப்போது தேடித் தேடிப் பார்க்கிறாள்: மாஸ்க் போடுங்க என்றாள், கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்றாள், தூசி, அலர்ஜி, புது வகை வந்திருக்கிறதாம் என்று ஏதேதோ காரணம் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். எல்லாம் செய்தாள், ஒன்றைத் தவிர. போன வியாழக்கிழமை ரத்தம் கொடுக்க வந்த ஒரு அம்மா, ஊசி குத்தும்போது பயத்தில் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக இவள் முகத்தில் இருமியது. அதுவாகத்தான் இருக்க வேண்டும். அல்லது வேறு யாரோ. சனிக்கிழமை சாயங்காலம் தொண்டையில் ஒரு அரிப்பு. அரிப்புதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. "கொஞ்சம் தள்ளி இருங்க, எனக்குத் தொண்டை சரியில்லை," என்றாள். அவர் தள்ளி இருக்கவில்லை. தைலத்தை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையிலும் முதுகிலும் தேய்த்துவிட்டார், பேசிக்கொண்டே, முகத்துக்கு முகம், அவள் குடித்து மீதி வைத்த சுக்குக் காப்பியைத் தான் குடித்துக்கொண்டே. "எனக்கு ஒண்ணும் வராது. உன்னைய விட எனக்குத்தான் கேரண்டி." அந்த நிமிஷம் இருந்தது. தைலம் தேய்க்கிற கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்பார். ஏன் என்றால் சொல்ல வேண்டும். தொண்டை அரிப்புக்காகவா மூன்று மாதப் பொய்யை உடைப்பது என்று தோன்றியது, கைச்சூடு முதுகில் இதமாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போயிற்று. திங்கட்கிழமை டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுவரை அவர் பக்கத்தில் இரண்டு நாள். ஒன்றரை நாள் என்று சொல்லலாமா. சொல்லி என்ன.

ரசஞ்சோற்றை எடுத்து வந்து இரண்டு வாய் விழுங்கினாள். வியர்வை துளிர்த்தது, பிறகு குளிர்ந்தது. தன் உடம்புக்குள் இந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஓரளவு தெரியும், அது தெரிவதுதான் வேதனை. அவளுக்கு ஊசி போட்டு மாதங்கள் ஆகிவிட்டன; எண் இறங்கியிருக்கும், அதனால்தான் மூக்கு வழியாக நுழைய முடிந்தது. நுழைந்தாலும் உள்ளே பழைய முகத்தை நினைவு வைத்திருக்கிற அணுக்கள் விழித்துக்கொண்டிருக்கும். நாலாம் நாள். இந்நேரம் அவை பெருகிப் பெருகி ஆன்டிபாடியைக் கொட்டிக்கொண்டிருக்கும், நூற்று எண்பத்தாறெல்லாம் இனி எந்த மூலைக்கு, அடுத்த வாரம் ரத்தம் எடுத்தால் ஆயிரக்கணக்கில் வரும், மெஷின் மேல் எல்லையைத் தாண்டிவிட்டது என்று சீட்டு துப்பும். லேபில் அப்படி எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறாள். ஊசியும் போட்டு, நோயும் வந்து போனவர்களின் ரத்தம்தான் இருப்பதிலேயே கெட்டி. அவளுடைய ரத்தம் கெட்டியாகிக்கொண்டிருக்கிறது, பத்தடி தள்ளி அவருடைய ரத்தம் வந்தவனுக்குப் பாயை விரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. அவள் முழங்கையின் உள்பக்கத்தைப் பார்த்தாள். பச்சை நரம்பு நன்றாகப் புடைத்துத் தெரிந்தது, எந்த நர்ஸும் ஒரே குத்தில் பிடிக்கிற நரம்பு. இதிலிருந்து எடுத்து அதில் விட முடிந்தால். அவளுக்கும் அவருக்கும் ரத்த வகை வேறு, அதனால்தான் அன்றைக்குச் சிறுநீரகமும் கொடுக்க முடியவில்லை, நங்கையா கொடுத்தார். கொடுக்க முடியாதவள் ஒரு எண்ணைக் கொடுத்தாள். கூடத்தில் மோட்டார் ஓடி வெகுநேரம் ஆகிவிட்டதே என்று சட்டென்று உறைத்தது. எவ்வளவு நேரமாகச் சத்தமில்லை. "என்னங்க," என்றாள். பதில் இல்லை. "என்னங்க." கதவைத் தட்டினாள், உள்ளிருந்து வெளியே தட்டுவது விநோதமாக இருந்தது. "ம்," என்றார் தூரத்திலிருந்து. "சித்த படுத்துட்டேன். ஒடம்பு அசதியா இருக்குது." பகலில் படுக்கிற மனிதரில்லை. "மூச்சு எப்படி இருக்குதுங்க? விரல்ல மாட்டிப் பாருங்க." நேரம் ஆயிற்று. "தொண்ணூத்தஞ்சு," என்றார். காலையில் தொண்ணூற்றெட்டு. "கை சில்லுன்னு இருக்கும், தேச்சுட்டுத் திரும்பப் பாருங்க." "தொண்ணூத்தஞ்சுதான் காட்டுது. இந்தக் கருவியப் பிரிச்சுப் பாக்கோணும், பேட்டரி இறங்கியிருக்கும்."

இரண்டே முக்காலுக்கே போன் வந்தது. சுபாஷிணி 'அக்கா' என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தை எத்தனை பேரிடம் அவளே நிறுத்தியிருக்கிறாள். "பாசிட்டிவ்தான்க்கா. பதினெட்டுலயே காட்டிருச்சு. நானு ரெண்டு தடவ பாத்துட்டேன்." அந்த எண் எவ்வளவு குறைகிறதோ வைரஸ் அவ்வளவு அதிகம், அவளுடையது இருபத்தொன்பது. "சாருக்குத்தான் ஆன்டிபாடி நல்லா இருக்குதேக்கா, பயப்படாதீங்க," என்றாள் சுபாஷிணி. அவளுக்கும் சொல்லியிருக்கிறார். "ம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு டாக்டர் அன்வரின் நம்பரைத் தேடினாள், விரல் வேறு பேர் மேல் விழுந்தது, மறுபடி தேடினாள். கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "என்னங்க, வந்துருச்சு. உங்களுக்கும் இருக்குதாம்," என்றாள். அவர் எழுந்து வருகிற சத்தம். அந்தப் பக்கம் அவரும் கதவுக்குக் கீழே உட்கார்ந்தார், கதவு லேசாக அவர் முதுகுக்கு அதிர்ந்தது. "சரி. எப்படியும் வரும்னுதான் நெனச்சேன். டாக்டர்கிட்டப் பேசு, எனக்கும் கேக்கற மாதிரி போடு." போட்டாள்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். காய்ச்சல், மூச்சு, என்றைக்குத் தொண்டை கமறியது. ஃபைலைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "தண்டபாணிக்கு ஜூன்ல ஆன்டிபாடி நூத்தி எண்பத்தாறு இருந்திருக்கு. மாற்றுச் சிறுநீரகக்காரங்கள்ல இது நல்ல நம்பர். அதனால இப்போதைக்கு வீட்லயே வெச்சுப் பார்க்கலாம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆக்ஸிஜன் பாருங்க." "ஒரு ஊசி இருக்கு, ஆன்டிபாடியை வெளியில தயாரிச்சு அப்படியே டிரிப்ஸ்ல ஏத்தறது. உடம்புல சுத்தமா உருவாகாதவங்களுக்கு அது உதவும், அதுவும் ஆரம்பத்துலயே போடணும், மூச்சு இறங்கின பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. என்கிட்ட இப்ப ஒண்ணுதான் இருக்கு. இன்னொருத்தருக்குச் சொல்லி வெச்சிருக்கேன், அவருக்கு நம்பரே வரலை. உங்க வீட்டுக்காரருக்குத் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். சரியாம்மா?" சரிங்க டாக்டர் என்கிற வார்த்தை அவள் வாயில் தயாராக இருந்தது. பதினெட்டு வருஷமாக டாக்டர்களிடம் சொல்லி வருகிற வார்த்தை. சொன்னால் போன் வைக்கப்பட்டுவிடும், மத்தியானம் மறுபடி மத்தியானமாக ஆகிவிடும், கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற முதுகு நிம்மதியாக இருக்கும். அப்புறம் தனியாக டாக்டரைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொல்லலாமே, ஆமாம், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து. பத்து நிமிஷத்தில் அந்த இன்னொருத்தருக்கு ஏற்றியிருந்தால். அந்த இன்னொருத்தர் யார், அவருக்கும் ஒரு வீடு இருக்கும், கதவு இருக்கும், அவரிடமிருந்து பிடுங்கி இவருக்கு. இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் ஓடியது. "டாக்டர்," என்றாள். "அது அவரோடதில்லைங்க." "என்னம்மா?" "நூத்தி எம்பத்தாறு என்னோடது. அவருக்குப் புள்ளி நாலுக்குக் கீழ. ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன். நான்தான் மாத்திச் சொல்லிட்டேனுங்க." கதவின் அதிர்வு நின்றிருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் போல. டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள், கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. "எவ்வளவு நாளா இது உங்களுக்குத் தெரியும்," என்று மட்டும் கேட்டார், பதிலுக்கு நிற்காமல், "வண்டி அனுப்பறேன். அரை மணி நேரம். ரெண்டு பேர்ல யாருக்குங்கிறதை நான் முடிவு பண்ணிக்கறேன். அவர் வந்து சேரட்டும்," என்று வைத்துவிட்டார்.

தெருவில் ஒரு வேன் பின்னால் போகும் சத்தம் கேட்டது. இனி இந்தக் கதவுக்கு என்ன வேலை என்று தோன்றித் தாழ்ப்பாளை நீக்கினாள், அவர் சாய்ந்திருந்ததால் கதவு உடனே திறக்கவில்லை. அவர் நகர்ந்துகொண்டார். நாலு நாள் கழித்து முகத்தைப் பார்த்தாள். தாடி நரைத்து முளைத்திருந்தது, உதடு உலர்ந்து கண் ஓரம் சிவந்திருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை, தரையில் பிரித்துப் போட்டிருந்த மிக்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கீழன்னா?" என்றார். "சைபரா?" "சைபர் மாதிரிதானுங்க." "ஊசி ரெண்டும் போட்டேனே." "மாத்திரைனாலங்க. மாத்திரை அத விடாது." தலையை ஆட்டிக்கொண்டார், ரிப்பேருக்கு வந்த பொருளில் எந்த இடத்தில் பழுது என்று தெரிந்தாற்போல. "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பயந்திருப்பேன். பயந்துட்டு வீட்டுல கெடந்திருப்பேன். அவ்வளவுதான ஆகியிருக்கும்." பதிலாகச் சொல்லக்கூடியவை எல்லாம் நாலு நாளாக அவள் தனக்கே சொல்லித் தோற்றுப்போனவை. "அக்காகிட்ட இப்ப என்னன்னு சொல்றது," என்றார், அவளிடம் கேட்காமல் மிக்ஸியிடம் கேட்பது போல, அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்து இருமலாக மாறியது, இந்தத் தடவை ஒன்றோடு நிற்கவில்லை. அவர் முதுகில் கை வைக்கப் போனாள். அவர் தோளை நகர்த்திக்கொண்டார், வெடுக்கென்று இல்லை, ஈ உட்கார வந்தால் நகர்த்துவது போல. பிறகு எழுந்து போய் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார், பட்டனைத் தப்பான ஓட்டையில் மாட்டி, அவிழ்த்து மறுபடி மாட்டினார். அவள் பையில் துண்டும் பேஸ்ட்டும் செக்கப் ஃபைலும் சார்ஜரும் எடுத்து வைத்தாள். கை தானாக வேலை செய்தது.

வண்டி வந்தபோது மணி நாலாகவில்லை, வெயில் இன்னும் தெருவில் முழுசாக இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகி மூடியது. வெள்ளை உடையில் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு இறங்கியவர் அவளையும் கையிலிருந்த பையையும் பார்த்துவிட்டு, "நீங்களும் பாசிட்டிவா? உங்களுக்கு எத்தனாவது நாளு?" என்றார். "நாலு. நானும் கூட வர்றேனுங்க." "உங்களுக்கு லேசாத்தான இருக்குது, வீட்டுலயே இருக்கச் சொல்லிட்டாங்க. அங்க படுக்கையில்லம்மா." "நான் ஆஸ்பத்திரி ஸ்டாஃப்." "தெரியுமுங்க. தெரிஞ்சுதான் அப்படிச் சொல்லி அனுப்புனாங்க." பையை வாங்கிக்கொண்டார். தண்டபாணி தானாகவே படி ஏறி உள்ளே உட்கார்ந்தார், ஏறின இரண்டு படிக்கே மூச்சு வாங்கியது, மாஸ்க் உள்ளே போய்ப் போய் வந்தது. அவள் வண்டியின் பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. டிரைவர் கதவைச் சாத்தினார். அப்போதுதான் தண்டபாணி அவளைப் பார்த்தார், படுக்கையறைக் கதவு திறந்ததிலிருந்து முதல் தடவையாக. கோபம் இருக்கும் என்று தேடினாள். இருந்திருக்கலாம், அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றிருந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல வாணி?" என்றார். ஆகாதுங்க. நாலே அசை, நாக்கில் அது எப்போதும் இருக்கிறது, எந்த நோயாளி கேட்டாலும் யோசிக்காமல் வந்து விழுகிற வார்த்தை, ஒரு நொடியில் அந்த முகத்தில் வெளிச்சம் போடக்கூடிய வார்த்தை. அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, "தெரியலைங்க," என்றாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், வண்டி கிளம்புகிற வரைக்கும். "சரி," என்றார்.

வண்டி தெருமுனையில் திரும்பும்வரை சைரன் போடவில்லை, திரும்பிய பிறகு போட்டது. அவள் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போகும்படி யாரோ ஜன்னலிலிருந்து சொன்னார்கள். கழுத்தில், முதுகில், காதுக்குப் பின்னால் வியர்வை பெருகி வழிந்தது, ரவிக்கை நனைந்து ஒட்டியது, தலைக்குள் நாலு நாளாக இருந்த பாரம் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. வெயில்தான் என்று முதலில் நினைத்தாள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.